சுவரிலிருந்து இறங்கிய பெயர்

அத்தியாயம் மூன்று

நகரசபைத் தலைவரின் அறைக்குள் நுழைந்து உட்காருவதற்குள் கொழுந்தனின் முழங்கால் டீ மேசையில் இடித்துக்கொண்டது. இடி வாங்கியது முழங்கால் மட்டும்தான். வெள்ளைத் துணி போர்த்தியிருந்த அந்தக் குட்டை மேசை இம்மியும் அசையவில்லை.

"பாத்து வரக்கூடாதா தம்பி," என்றாள் அண்ணி.

"நான் பாத்துதான் வந்தேன் அண்ணி. அதுதான் நகரமாட்டேங்குது. நகரசபை மேசை இல்லையா."

இந்த இருவரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அண்ணி, கொழுந்தனின் காலஞ்சென்ற அண்ணனுடைய மனைவி. அண்ணன் இருந்த நாளில் துப்பறியும் நிலையத்தின் பெயர்ப்பலகையில் இருந்தவர் அண்ணன், துப்பறிந்தவள் அண்ணி. அவர் போன பிறகும் அவள் பலகையை மாற்றவில்லை. ஆண்பிள்ளை பெயரை நம்பி வருகிறவன் பொம்பளைதானே என்று எதிரில் உட்கார்ந்து உளறுவான், அது தொழிலுக்கு நல்லது என்பாள். கொழுந்தன் அதற்கு முன்பு ஆயுள் காப்பீடு விற்றுக்கொண்டிருந்தான். அவன் தெருவில் திரும்பினாலே ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு செத்தவர்கள் மாதிரிப் படுத்துக்கொண்டதால் அண்ணியிடம் வந்து சேர்ந்தான். இப்போது தலை நரைத்துவிட்டது. வாய் நரைக்கவில்லை.

தலைவர் சுழல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க அவரே. ரிப்பன் வெட்டுகிற அவர், பொத்தான் அழுத்துகிற அவர், திரையை இழுக்கிற அவர். கத்தரிக்கோலும் சிரிப்பும் எல்லாப் படத்திலும் ஒன்றுதான். பின்னால் தெரிவது பேருந்து நிலையமா கழிப்பறையா என்று பார்ப்பவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"விஷயம் சின்னது," என்று தலைவர் ஆரம்பித்தார். சின்ன விஷயத்தைச் சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டார். சுருக்கம் இதுதான். நகரசபைக்குச் சொந்தமான கடைத்தெருக் கட்டடத்தின் முன்சுவரில் அவர் பெயர் பொறித்த திறப்புவிழாக் கல் இருந்தது. கறுப்புக் கல், தங்க எழுத்து. அதை முந்தாநாள் இரவு யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"யாருன்னு கண்டுபிடிக்கணும். அவ்வளவுதானே," என்றாள் அண்ணி.

"கண்டெல்லாம் பிடிக்க வேண்டாம்மா. யாருன்னு எங்களுக்கே தெரியும். நீங்க ஆமான்னு எழுதிக் குடுத்தா போதும்."

"பதில் உங்ககிட்டயே இருக்கு. கேள்வி கேக்கறதுக்குத்தான் எங்களைக் கூப்பிட்டீங்களா சார்?" என்றான் கொழுந்தன்.

தலைவர் அவனைப் பார்க்காமல் அண்ணியிடமே பேசினார். "அந்தக் கட்டடத்துல தையல்கடை வச்சிருக்காளே ஒருத்தி. அந்த வார்டு கவுன்சிலர். சபையில என்னை எதிர்த்துப் பேசற ஒரே ஆள். போன கூட்டத்துல எழுந்து நின்னு, உங்க பேரு அந்தச் சுவத்துல ரொம்ப நாள் நிக்காதுன்னு சொன்னா. எல்லாரும் கேட்டாங்க. இப்ப கல்லைக் காணோம். இன்னிக்குச் சாயங்காலம் கூட்டம். அவ பதவியை எடுக்கறோம், கடையையும் எடுக்கறோம். வெளியாள் ஒருத்தர் விசாரிச்சுச் சொன்னாருன்னா நாளைக்கு யாரும் வாய் திறக்க முடியாது."

"சரி."

"இன்னொண்ணு. கல்லைப் பேக்கறேன்னு சுவத்தைக் கண்டபடி இடிச்சிருக்கா. அதுல கட்டடத்துக்கே சேதம்னு ஒரு வரி சேத்துக்குங்க."

"கட்டடத்துக்கு என்ன சேதம்?"

தலைவர் பேனாவை எடுத்து வைத்தார். "இப்ப ஒண்ணும் இல்ல. வரலாம். பின்னால வரலாம்."

"இன்ஜினியர் பாத்தாரா?"

"அவர் நீண்ட லீவுல போயிருக்கார். உடம்பு சரியில்லை."

பியூன் கொண்டுவந்து வைத்த டீ அதற்குள் ஜில்லென்று ஆகிவிட்டது. பேச்சுதான் நீளம் என்று கொழுந்தன் நினைத்துக்கொண்டான். கோப்பை எட்டவில்லை என்று மேசையைத் தன் பக்கம் இழுக்கப் போனான்.

"இழுக்காதீங்க," என்றார் தலைவர், நாற்காலியிலிருந்து பாதி எழுந்து. "தரை கீறும்."

"ஊர்ல ரோடெல்லாம் கீறிக் கிடக்கு சார். தரையாவது நல்லா இருக்கட்டும்," என்று சொல்லிக் கொழுந்தன் எட்டியே குடித்தான்.

*

இடத்தைக் காட்டத் தலைவரே காரில் வந்தார். கட்டடத்துக்கு எதிர்ச்சாரியில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். மண்டையைப் பிளக்கிற வெயில். கட்டடத்தின் முன்னால் நீளமான வராந்தா, சுகமான நிழல். ஜனங்கள் அதில் ஒதுங்கி நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணியும் கொழுந்தனும் சாலையைக் கடந்து நிழலுக்குள் போனார்கள். தலைவர் அங்கேயே நின்றார்.

"அதோ, அந்த ஜன்னலுக்கு வலப்பக்கம்," என்று அங்கிருந்தே விரல் நீட்டினார்.

"உள்ள வாங்க சார். நெருப்பா கொதிக்குது," என்றான் கொழுந்தன்.

"பரவாயில்ல. வெயில் உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

வழுக்கைத் தலையில் வியர்வை ஆறாக ஓட, கைக்குட்டை நனைந்து போக, உடம்புக்கு நல்லதைக் கொஞ்ச நேரம் அனுபவித்துவிட்டு, வேலை இருக்கிறதென்று காரில் ஏறிப் போய்விட்டார்.

அண்ணி சுவரைத் தடவிப் பார்த்தாள். கல் இருந்த இடம் தெரியவே இல்லை. பூச்சு மழமழவென்று இருந்தது. மேலே அதே வெளிர்மஞ்சள் வர்ணம். வாசனை மட்டும் புதிது.

"திருடன் கையில பொறுமை இருக்கு," என்றாள்.

"பொறுமை மட்டுமா அண்ணி. கல்லை எடுத்தான், ஓட்டையை அடைச்சான், பூசினான், வர்ணம் அடிச்சான். எங்க தெருமுனையில ஒரு பள்ளம் இருக்கு தெரியும்ல? அதுல விழுந்து எழுந்த பிள்ளைங்களுக்கே பிள்ளை பிறந்தாச்சு. இன்னும் மூடலை. இந்த ஊர்ல ராத்திரியோட ராத்திரியா ஓட்டையை அடைக்கிற ஒரு திருடன் இருக்கான்னா, அவனைப் பிடிச்சு ஜெயில்ல போடக்கூடாது. நகரசபைத் தலைவராப் போடணும்."

அண்ணி சிரிக்கவில்லை. அவன் சொன்னதை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். "இந்த ஊர்ல இந்த வர்ணம் யார்கிட்ட இருக்கு தம்பி?"

"நகரசபைக் கிடங்குல. ஊரெல்லாம் இதைத்தானே அடிச்சு வச்சிருக்காங்க."

"ம்."

*

தையல்கடைக் கதவைத் தோளால் இடித்துத்தான் திறக்க முடிந்தது.

"நல்லா இடிங்க. அது இப்ப கொஞ்ச நாளாத்தான் முறைச்சுக்கிட்டு நிக்குது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "தச்சரைக் கூப்பிட்டு இழைச்சாச்சு. மறுபடியும் பிடிக்குது."

தையற்காரி மெஷினை விட்டு எழவில்லை. நாற்பதைத் தாண்டியவள். வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டே தெளிவாகப் பேசக் கற்றவள். ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தியபடி, "சேர்மன் அனுப்பின ஆளுங்கதானே? எழுதிக்கிட்டே வந்துட்டீங்களா, இல்ல என்னைக் கேட்டுத்தான் எழுதப் போறீங்களா?" என்றாள்.

"கேக்கத்தான் வந்தோம்," என்றாள் அண்ணி. "அந்தச் சுவத்துல பேரு நிக்காதுன்னு சொன்னியாமே."

"சொன்னேன் அக்கா. தேர்தல் வருது, ஜனங்க உங்களை இறக்கிடுவாங்கன்னு சொன்னேன். உளியை எடுத்துக்கிட்டு வர்றேன்னா சொன்னேன்? இங்கே ரவிக்கைக்குக் கொக்கி வைக்கவே நேரமில்ல. அந்தக் கல்லைத் தூக்க நாலு ஆம்பளைங்க வேணும். எனக்கு வீட்டுல இருக்கிற ஒரு ஆம்பளையே தண்ணி மொண்டு குடிக்க மாட்டார்."

"எங்க வீட்டுலயும் அதே கதைதான்," என்றான் கொழுந்தன். "ஆனா குத்தவாளி நான்."

அவள் முதல்முறையாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு வடிந்தது. "பதவி போனாப் போகட்டும் அக்கா. அது வந்தப்பவும் எனக்கு ஒண்ணும் சோறு போடலை. கடைதான். ரெண்டு பொண்ணுங்க படிப்பும் இந்த மெஷின்லதான் ஓடுது. திருடின்னு சபையில எழுதிட்டா, அதுங்க எந்த முகத்தோட பள்ளிக்கூடம் போகும்?"

மேலே தடதடவென்று சத்தம் கேட்டது. கூரையிலிருந்து மாவு சலித்தாற்போல் வெள்ளையாகக் கொட்டியது. அவள் பழக்கமாகத் துணிமேல் ஒரு பழைய விரிப்பை இழுத்துப் போட்டாள்.

"மேல பகல்நேரக் காப்பகம். வேலைக்குப் போறவங்க பிள்ளைங்களை விட்டுட்டுப் போவாங்க. குதிச்சா இப்படித்தான். முன்னயெல்லாம் கொட்டினதில்ல."

கொழுந்தன் தலையைத் தட்டிவிட்டுக்கொள்ள, அவன் முழங்கை பட்டு மேசையிலிருந்த நூல்கண்டு ஒன்று விழுந்தது. விழுந்த கண்டு நிற்கவில்லை. நிதானமாக, யாரோ கூப்பிட்டதுபோல, நூலை விட்டுக்கொண்டே பின்சுவர் வரை உருண்டு போயிற்று. அங்கே ஏற்கெனவே ஒரு பொத்தானும் நூல் சுற்றும் பாபின் இரண்டும் கிடந்தன.

"எது விழுந்தாலும் அங்கதான் போய்ச் சேரும். தேடற வேலை மிச்சம்," என்றாள் தையற்காரி.

அண்ணி அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பக்கத்து மூலைக்கடை பூட்டியிருக்கே?"

"அது சேர்மன் மச்சினனோடது. இந்தக் கட்டடத்தைக் கட்டின கான்ட்ராக்டரும் அவர்தான். மின்சாரச் சாமான் கடை வச்சிருந்தார். காலை வைக்க இடமிருக்காது, அவ்வளவு கூட்டம். போன மாசம் திடீர்னு வியாபாரம் படுத்துடுச்சுன்னு காலி பண்ணிட்டார். நான்கூட ஆச்சரியப்பட்டேன்."

*

வெளியே வந்ததும் கொழுந்தன் கேட்டான். "அண்ணி, அந்தம்மா எடுக்கலை. அது தெரிஞ்சு போச்சு. யார் எடுத்தாங்க?"

"முதல்ல உன் சேர்மனோட மத்தக் கல்லெல்லாம் பத்திரமா இருக்கான்னு பாத்துட்டு வரலாம், வா."

சின்ன ஊர்தானே. சுற்றி வர அதிக நேரம் ஆகவில்லை. பேருந்து நிலையத்தில் கல் இருந்தது. பூங்காவில் இருந்தது, ஊஞ்சல் இல்லாவிட்டாலும். குடிநீர்த் தொட்டியில் தண்ணீர் இல்லை, கல் இருந்தது. கடைசியாகப் பொதுக் கழிப்பறைக்கு வந்தார்கள். அதன் வாசலிலும் தங்க எழுத்தில் தலைவர் மின்னிக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் அந்தக் கல்லின் முன் யோசனையாக நின்றான். "எனக்கு ஒருத்தன் மேல கோபம்னு வைங்க அண்ணி. அவன் பேரை ஊர்ல இல்லாம பண்ணணும்னு கிளம்பறேன். கழிப்பறைக் கல்லைத் தொடுவேனா? இதைத் தொடவே மாட்டேன். இது எனக்குச் சாதகமா இருக்கேன்னு விட்டுடுவேன். ஆனா பூங்காவையும் பஸ் ஸ்டாண்டையும் விடமாட்டேனே."

"அதேதான்," என்றாள் அண்ணி. "இது கோபத்துல செஞ்ச காரியமில்ல. கோபக்காரன் கல்லை அங்கேயே ரெண்டா உடைச்சுப் போட்டுட்டுப் போவான். இவன் பதமா எடுத்திருக்கான். அங்க கல்லே இருந்ததில்லைங்கற மாதிரிப் பூசியிருக்கான். பேரை அழிக்க எடுக்கலை தம்பி. பேரைக் காப்பாத்த எடுத்திருக்கான்."

"எதுகிட்டயிருந்து?"

அண்ணி நின்றுவிட்டாள். கழிப்பறை வாசலில் நின்று யோசிப்பது அழகில்லைதான், ஆனால் யோசனை வருகிற இடத்தை நாமா தேர்ந்தெடுக்கிறோம்.

"கதவு ஏன் பிடிக்குது? நூல்கண்டு ஏன் ஒரே பக்கம் ஓடுது? நல்லா ஓடற கடையைக் கட்டினவனே ஏன் காலி பண்றான்? இன்ஜினியருக்கு ஏன் உடம்பு சரியில்ல?" அவள் குரல் தணிந்துகொண்டே போயிற்று. "அந்த மனுஷன் ஏன் நிழலுக்குள்ள வரலை?"

கொழுந்தனின் வாய் திறந்தது. அதில் பகடி எதுவும் இல்லை.

"கட்டடம் உக்காருது தம்பி. அவனுக்குத் தெரியும். விழறப்போ தன் பேரு அதுமேல இருக்கக்கூடாது. அதோட விட்டானா? கல்லைப் பேக்கறேன்னு அவ இடிச்சதுலதான் விழுந்துச்சுன்னு நம்ம கையாலயே எழுதி வாங்கப் பாத்தான். மேல இருக்கிற பிள்ளைங்க சாவை அவ தலையில கட்ட இப்பவே ஏற்பாடு."

"சாயங்காலம் சபையில கிழிச்சுடலாம் அண்ணி."

"சபை கிடக்குது. முதல்ல பிள்ளைங்க. ஓடு."

அண்ணி ஓடிக் கொழுந்தன் பார்த்ததில்லை. அன்று பார்த்தான். பின்னால் வந்துகொண்டிருந்தவன் அவன்தான்.

காப்பகத்து ஆயா மாடிப்படியை மறித்துக்கொண்டு நின்றாள். "யார் உத்தரவு? பெத்தவங்க வராம ஒரு பிள்ளையையும் அனுப்ப முடியாது." அவள் சொன்னது நியாயம்தான். கட்டடம் விழப்போகிறது என்று சொன்னால் கூச்சல் போடுவாள், பிள்ளைகள் ஓடும், ஓடினால் தரை குதிக்கும். அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"சேர்மன் உத்தரவும்மா. பிள்ளைங்களோட போட்டோ எடுக்க வர்றார். எதிர் மைதானத்துல வரிசையா நிக்க வைக்கச் சொன்னார்."

ஆயா பெருமூச்சு விட்டாள். சந்தேகமே படவில்லை. "இந்த வெயில்லயா? எப்பவும் இதே தொல்லை. வாங்கடா."

"பூனை மாதிரி இறங்கணும்," என்று கொழுந்தன் பிள்ளைகளிடம் குனிந்து கிசுகிசுத்தான். "யார் காலடி கேக்குதோ அவங்க எலி." பிள்ளைகள் நுனிக்காலில் இறங்கின. கைக்குழந்தைகளை ஆயாவும் அண்ணியும் சுமந்தார்கள். தலைவருடைய பெயர் ஊருக்கு ஒரு நன்மை செய்தது என்றால், எனக்குத் தெரிந்து அது அன்றுதான்.

கீழே தையற்காரியின் கையைப் பிடித்து அண்ணி இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். அவள் ஒரு நிமிடம் கூரையைப் பார்த்தாள். பிறகு அடுத்த கடைகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்ச் சொல்லிவிட்டு, தன் கடைக்கு வந்து மெஷினைத் தானே தூக்கினாள். கொழுந்தன் மறுபக்கம் பிடித்தான். தீயணைப்பு நிலையத்துக்கு அண்ணி தொலைபேசினாள்.

*

நகரசபைக் கூட்டம் நேரத்துக்குத் தொடங்கியது. யாரையாவது ஒழிக்கிற நாட்களில் மட்டும் அது நேரத்துக்குத் தொடங்கும்.

உறுப்பினர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். எண்ணெய்க் கடைக்காரர், லாரிக்காரர், பத்திரம் எழுதுகிறவர், ஒரு வேலையும் செய்யாதவர்கள் சிலர். தலைவர் கையைத் தூக்கினால் தூக்குவதும் இறக்கினால் இறக்குவதும் அவர்கள் பணி. அதற்குப் பிஸ்கட் உண்டு. தையற்காரி கடைசி நாற்காலியில், பாவாடை ஓரம் மடித்த ஊசி இன்னும் தோளில் குத்தியிருக்க, நேராக உட்கார்ந்திருந்தாள்.

"விசாரிச்சவங்க வந்திருக்காங்க," என்றார் தலைவர், முகமெல்லாம் மலர்ந்து. "சொல்லுங்கம்மா. பயப்படாம சொல்லுங்க."

அண்ணி எழுந்தாள். "சொல்றேன். ஆனா ஒரு வேண்டுகோள். குத்தம் நடந்த இடத்துல வச்சுச் சொன்னா எல்லாருக்கும் புரியும். கடைத்தெருக் கட்டடத்து மாடி காலியாத்தான் இருக்கு. கூட்டத்தை அங்க வச்சுக்கலாமே. நடக்கற தூரம்தான்."

"அதுக்கென்ன, போகலாமே," என்று எண்ணெய்க் கடைக்காரர் எழுந்துவிட்டார். தலைவர் என்ன நினைக்கிறார் என்று பார்க்காமல் எழுந்தது அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இருக்கும்.

"உக்காருங்க," என்றார் தலைவர். "அங்க வேண்டாம். அங்க... ஃபேன் இல்ல."

"இருக்கு. நான் பாத்தேன்," என்றான் கொழுந்தன். "ஆடிக்கிட்டே இருக்கு. போடாமலே."

"சபைக் கூட்டம் சபையிலதான் நடக்கணும். விதி."

"சரி, கூட்டம் வேண்டாம்," என்றாள் அண்ணி. "நீங்க மட்டும் வாங்க. அந்தச் சுவத்துக்குக் கீழ, வராந்தாவுல, சும்மா ஒரு டீ குடிக்கிற நேரம் நில்லுங்க. நின்னுட்டீங்கன்னா இந்தப் பொண்ணுதான் திருடின்னு இப்பவே எழுதிக் குடுத்துடறேன்."

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார், யாரோ இழுக்க வருவதைப் போல.

"எனக்கு... கால் வலி."

"காலையில வெயில்ல நின்னீங்க. அப்ப வலிக்கலை," என்றாள் அண்ணி. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கதவை, நூல்கண்டை, கூரையிலிருந்து கொட்டிய வெள்ளையை, மைத்துனனின் காலிக் கடையை, லீவில் போன இன்ஜினியரை, ஒரே இரவில் பூசிய சுவரை. குரலை உயர்த்தவில்லை. கூலி கேட்கிறவள் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

தலைவர் தேறிக்கொண்டார். அரசியல்வாதிக்கு அது ஒரு வியாதிபோல, தானாக வந்துவிடும். "கதை நல்லா இருக்கு. நானே என் கல்லைத் திருடிக்கிட்டேன். சரி. கல் எங்க? கல்லைக் காட்டுங்க, பேசலாம். கல்லைக் காட்ட முடியலேன்னா உங்க ரெண்டு பேர் மேலயும் மானநஷ்ட வழக்கு."

அண்ணி ஒரு கணம் தயங்கினாள். அண்ணி தயங்கினால் அவளுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.

"புத்தி இருக்கிறவன் உடைச்சு ஆத்துல போட்டிருப்பான்," என்று அவள் மெதுவாகச் சொன்னாள், தனக்கே சொல்வதுபோல. "ஆனா இவருக்கு மனசு வந்திருக்காது. தன் பேரை எப்படி உடைப்பார்? எங்கயோ பக்கத்துலதான் வச்சிருக்கணும். கண்ணுல படற தூரத்துல."

கொழுந்தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அது விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. தடவிய கை நின்றது. கண்மூடித் திறப்பதற்குள் டீ ஏன் ஆறியது, மேசையை ஏன் இழுக்கக்கூடாது, எல்லாம் முழங்கால் வழியாகவே மூளைக்கு ஏறின. அவன் மூளைக்கு எதுவும் நேர்வழியாகப் போய்ப் பழக்கமில்லை.

"அண்ணி," என்றான். "நான் கண்டுபிடிச்சுட்டேன்னு நினைக்கிறேன். எனக்கே சங்கடமா இருக்கு."

எழுந்து, தலைவரின் அறைக் கதவைத் திறந்தான். அது கூட்ட அறையை ஒட்டித்தான் இருந்தது. தலைவர், "அது என் சொந்த அறை" என்று சொல்லி முடிப்பதற்குள் டீ மேசையின் வெள்ளைத் துணியை உருவிவிட்டான்.

பழைய இரும்புக் கால்கள். மேலே கறுப்புக் கல், மல்லாந்து, மெருகோடு. தலைவரின் பெயர் தங்கத்தில் ஜொலித்தது. அன்று காலையில்கூடத் துடைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

பியூன் வாசல்படியில் நின்றுகொண்டு, "நான் யார்கிட்டயும் சொல்லலைங்க," என்றான்.

"மெருகு போட எடுத்துட்டு வந்தது," என்றார் தலைவர்.

"சுவத்துக்கும் சேத்துப் போட்டுட்டீங்களே," என்றாள் தையற்காரி.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் கொழுந்தன் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சிரித்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வருவான். உறுப்பினர்கள் எல்லோரும் கல்லைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஒருவரும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவில்லை. கல்லின் அடிப்பகுதியில், தலைவர் பெயருக்குக் கீழே, எல்லா உறுப்பினர்களின் பெயரும் பொடி எழுத்தில் இருந்தது. திறப்புவிழா அன்று எழுத்து சின்னதாகிவிட்டதென்று சண்டை போட்டவர்கள் அவர்கள்.

"என் பேரு படிக்கிற மாதிரியே இல்ல, பாருங்க," என்றார் லாரிக்காரர் நிம்மதியாக.

"என்னோடதுல ஒரு எழுத்து தேஞ்சிருக்கு. அது நானே இல்லைன்னு சொல்லலாம்," என்றார் பத்திரம் எழுதுகிறவர். தொழில் தெரிந்தவர்.

எண்ணெய்க் கடைக்காரர் நகத்தால் தன் பெயரைச் சுரண்டிப் பார்த்தார். தங்கம் வரவில்லை. அந்த ஒரு வேலையைத்தான் ஒப்பந்தக்காரர் ஒழுங்காகச் செய்திருந்தார்.

தையற்காரி அவர்களை விலக்கிக்கொண்டு வந்து கடைசி வரியைக் காட்டினாள். "என் பேரும் இருக்கு. நானும் அன்னிக்குக் கைதட்டினேன். தூணைத் தட்டிப் பாக்கலை. இருக்கட்டும். யாரும் சுரண்ட வேண்டாம்."

அந்த நேரம் தீயணைப்பு நிலைய அதிகாரி உள்ளே வந்தார். சட்டையெல்லாம் சுண்ணாம்பு. பின்பக்கத்துத் தூணைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். வேறு எதுவும் விவரிக்கவில்லை. "பக்கத்துல கனமான வண்டி எதுவும் போகக்கூடாது. கதவைக்கூடப் பலமாச் சாத்தாதீங்க. நல்லவேளை, உள்ள யாரும் இல்ல." பிறகு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "கயிறு கட்டியிருக்கேன். ஜனங்க கேக்க மாட்டேங்கறாங்க, நிழலுக்குன்னு குனிஞ்சு உள்ள போறாங்க. வராந்தா வாசலை மறிக்க கனமா, சட்டுன்னு நகராத மாதிரி ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டார்.

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். தலைவர் மட்டும் பார்க்கவில்லை.

*

மேசையோடு தூக்கி வர ஆறு பேர் வேண்டியிருந்தது. வராந்தாவின் வாசலில் வைத்து, கல்லைக் கழற்றி, தெருவைப் பார்த்தாற்போல் அதே இரும்புக் கால்கள்மேல் சாய்த்து நிறுத்தினார்கள். தலைவரை ஒரு போலீஸ் ஜீப் வந்து கூட்டிப் போயிற்று. போகும்போதும் அவர் முன் இருக்கை கேட்டார்.

எதிர் மைதானத்து மரத்தடியில் தையற்காரி மெஷினைப் போட்டிருந்தாள். தரை மேடுபள்ளமாக இருந்தது. காகிதத்தை மடித்துக் காலுக்கு அடியில் கொடுத்துச் சமம் பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவர்கள் வந்து பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். சிலர் அழுதார்கள். ஆயா, போட்டோக்காரர் வரவே இல்லையே என்று அண்ணியிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

"கடை போச்சு அக்கா," என்றாள் தையற்காரி, தலை நிமிராமல். "பேரு போகலை."

"பதவியும் போகலையே," என்றாள் அண்ணி.

"அது போயிருந்தாப் பரவாயில்ல." நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். "கடைக்காரங்க எல்லாருக்கும் வேற இடம் கேட்டு நாளைக்கு நான்தானே எழுந்து நிக்கணும்."

வெயில் இன்னும் இறங்கவில்லை. மூட்டையோடு ஒரு பெரியவர் சாலையைக் கடந்து வந்து, வழக்கம்போல வராந்தா நிழலுக்கு ஒதுங்கப் போனார். கயிற்றைத் தூக்கிக் குனிந்தவர் கல்லைப் பார்த்து நின்றார். உதட்டை அசைத்து மேலே இருந்த பெயரைப் படித்தார். பிறகு கயிற்றை விட்டுவிட்டு, பின்வாங்கி, மூட்டையைத் தலைக்கு மாற்றிக்கொண்டு, வெயிலிலேயே சுற்றிப் போனார்.